குடோன் கிரவுண்டு சட்டம்

நாங்கள் கால்பந்து ஆடும் குடோன் கிரவுண்டுக்கு மூன்று பக்கம் சுண்ணாம்புக் கோடு, நான்காவது பக்கம் சுவர். கோட்டைத் தாண்டினால் பந்து அவுட். சுவரில் பட்டால் அவுட் இல்லை, ஆட்டம் தொடரும். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ராயபுரத்தில் ஒருவருக்கும் தெரியாது. என் அப்பா ஆடிய காலத்திலேயே இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து உப்புக் குடோனின் பின்சுவர் அது. இடிக்கவும் முடியாது, தள்ளிவைக்கவும் முடியாது. அதனால் அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கிரவுண்டுக்கும் இப்படி ஒரு சட்டம் உண்டு. டோல்கேட் பக்கத்து கிரவுண்டில் மூலையில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதில் பட்டால் மறுபடி எறிய வேண்டும். எம்.கே.பி. நகரில் ஓரமாகக் கால்வாய். பந்து விழுந்தால் அடித்தவனே இறங்கி எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று புரியும். ஆகவே ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கேப்டன்களும் கிரவுண்டை ஒரு சுற்று சுற்றி வருவார்கள். சொந்த கிரவுண்டுக்காரன் சட்டத்தைச் சொல்லிக்கொண்டே வருவான். எங்கள் சுவர் வந்ததும் அதில் உள்ளங்கையை வைத்து, "சொவரு உள்ள. ஒத்துக்கினியா?" என்பான். வந்தவன் "ஒத்துக்கினேன்" என்று தானும் சுவரை ஒரு தட்டுத் தட்டுவான். அதற்குப் பிறகு தகராறு செய்கிறவனைக் கிரவுண்டே சேர்ந்து அடிக்கும்.

என் பெயர் டோரதி. பீச் ஸ்டேஷன் எதிரில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். என் வீட்டுக்காரர் வால்டர் மணலியில் டாங்கர் லாரி ஷெட்டில் ஃபிட்டர், எங்கள் கிளப்புக்குச் செயலாளரும் அவர்தான். கேப்டன் என் தம்பி சாவியோ. என்னைவிட ஒன்பது வயது சின்னவன். எந்தப் பாதியாக இருந்தாலும் அவன் ஆடுவது சுவர்ப் பக்கம்தான்.

அந்தச் சுவரில் 'விளம்பரம் செய்யாதீர்' என்று கறுப்பு எழுத்தில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். எங்கள் பையன்கள் படித்த படிப்பிலேயே ஒழுங்காகப் படித்தது அதைத்தான். 'வி'யில் அடித்தால் பந்து காலுக்கு வரும். முதல் 'ம்' இருக்கும் இடத்தில் பூச்சு பெயர்ந்திருக்கிறது, கோணலாகப் போகும், தொடக் கூடாது. 'தீ'யில் அடித்தால் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போய் கோலுக்கு நேராக விழும். சாவியோ தலையைத் தூக்கிப் பார்க்கவே மாட்டான். பந்தைத் 'தீ'யில் தட்டிவிட்டு ஓடுவான். தடுக்க வந்தவன் திரும்புவதற்குள் பந்தும் அவனும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பார்கள். குடோன் பக்கம் அடுக்கிவைத்த பழைய தண்டவாளக் கட்டைகள்மேல் ஏறி, சுவர்மேல் உட்கார்ந்து இதையெல்லாம் நாங்கள் பார்ப்போம். பத்து வயதிலிருந்து என் இடம் 'தீ'க்கு மேலே. பக்கத்தில் பூமாரி, மீன் விற்றுவிட்டு நேராக வந்து உட்காருவாள்.

2002ஆம் வருஷம் வட்டாரக் கோப்பையில் எங்கள் கிளப் ஃபைனலுக்கு வந்தது. புள்ளியில் முதலிடம் நாங்கள். அதனால் கமிட்டி எங்களையே கேட்டது: ஃபைனலை உங்கள் கிரவுண்டில் வைத்துக்கொள்கிறீர்களா, அல்லது நகரத்துப் பெரிய ஸ்டேடியத்தில் ஒரு மதியம் கிடைத்திருக்கிறது, அங்கே ஆடுகிறீர்களா?

"இதுல யோசிக்க இன்னா கீது? நம்ம கிரவுண்டுதான்" என்றார் வால்டர்.

"ஸ்டேடியந்தான்" என்றேன் நான்.

எனக்குக் கோப்பை முக்கியமில்லை. சாவியோவுக்கு ஒரு வேலை வேண்டும். ஹார்பரில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலையில் அவன் தினக்கூலி. அதில் ஏற்கெனவே இடது கைச் சுண்டுவிரல் நுனி போய்விட்டது. அடுத்தது எது போகுமோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த டீமுக்குப் பொறுப்பாளர் கலீலுல்லா சார். ஆபீஸ் போனிலிருந்து பதினோரு நாள் விடாமல் அவரைப் பிடித்தேன். "வணக்கம் சார், டோரதி பேசுகிறேன்" என்று பாலிஷ் போட்ட தமிழில் ஆரம்பிப்பேன். கடைசியில் அவர் அலுத்துப்போய், "தெருத்தெருவா வந்து பார்க்க முடியாதும்மா. ஸ்டேடியத்துல ஆடினா வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார். சாவியோவுக்கு இருபத்தைந்து முடிய ஆறேழு மாதம்தான் இருந்தது. அதற்குமேல் கோட்டா கிடையாது.

வால்டரோடு மூன்று நாள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் அவர் ஸ்டேடியம் என்று கமிட்டிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாவற்றையும் யோசித்தேன். ஷூ வாங்கினேன், போட்டுப் பழகட்டும் என்று இரண்டு வாரம் முன்னாலேயே கொடுத்தேன். சான்றிதழ்களுக்கு ஜெராக்ஸ் எடுத்து உறையில் போட்டேன். அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். இருபத்துநான்கு வருஷம் சுவர்மேல் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சுவர் மட்டும் ஞாபகம் வரவில்லை.

வால்டரின் ஷெட்டிலிருந்து ஒரு வேன் பேசிக்கொண்டு போனோம். அவ்வளவு பெரிய இடத்தை நான் அதுவரை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கில் நாற்காலி, உட்கார நாங்கள் இருநூறு பேர். எங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணிவகுப்புப் பழகிவிட்டுப் போனார்கள். ஒரு கோடியில் சாயங்காலக் கச்சேரிக்காக மேடைக்குச் சவுக்குக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று மைக்கில் இரண்டு தடவை சொன்னார்கள். புல்தரையைச் சுற்றிச் சிவப்பாக ஓட்டப்பந்தயப் பாதை, அதற்கும் அந்தப் பக்கம் நாங்கள். கீழே ஆடுகிறவன் யார் என்று நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"இன்னாடி இது, அவன் மூஞ்சே தெர்ல. திட்டுனா கேக்குமா?" என்றாள் பூமாரி.

காசு சுண்டி முடிந்த பிறகு சாவியோ நடுவரிடம் ஏதோ கேட்டதும் அவர் குலுங்கிச் சிரித்ததும் தெரிந்தது. அது என்ன என்று அப்புறம்தான் சொன்னான். "ஒரு ரவுண்டு சுத்தி வரலாமா சார்?" என்று கேட்டிருக்கிறான். "எதுக்குப்பா? நாலு பக்கமும் கோடுதானே" என்றிருக்கிறார் அவர்.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில், முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது, சாவியோவுக்கு ஓரத்தில் பந்து கிடைத்தது. எதிராளி ஒருவன் குறுக்கே வந்தான். எனக்கு அந்த இடம் மனப்பாடம். நான் நாற்காலியை விட்டு எழுந்து, "தீயில போடு!" என்று கத்தினேன்.

அவன் போட்டான். பந்தை இடது பக்கம் தட்டிவிட்டு, தலை நிமிராமல், எதிராளியைத் தாண்டி ஓடினான். ஓடின இடத்தில் வலது காலை நீட்டினான். காலுக்கு எதுவும் வரவில்லை. பந்து கோட்டைத் தாண்டி, சிவப்புப் பாதையைத் தாண்டி, கேலரிப் படி வரைக்கும் நிதானமாக உருண்டு போனது. அவன் இன்னும் காலை நீட்டியபடி நின்றான். எங்கள் ஆட்கள் எல்லோரும் பந்து வரும் என்று கோலுக்கு முன்னால் ஓடிப்போயிருந்தார்கள். எதிர் டீம் பந்தை எடுத்துச் சட்டென்று எறிந்தது. எங்கள் பக்கம் கோலியைத் தவிர ஆள் இல்லை. கோல். அது ஒன்றே போதுமாக இருந்தது.

கலீலுல்லா சார் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "யாருமே இல்லாத இடத்துக்குப் பந்தைத் தள்ளிட்டு ஓடுறானே, ஆட்டத்துல கவனமே இல்லை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு நோட்டில் ஒரு பெயரை அடித்தார். யார் பெயர் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"சார், அங்க சொவரு கீது சார்!" என்றேன்.

பதினோரு நாள் போனில் பேசியவள் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. திரும்பிப் பார்த்தார். "எங்கம்மா சுவர்?"

கையைத் தூக்கிக் காட்டினேன். காட்டின இடத்தில் சிவப்புத் தரையும் வெயிலும்தான் இருந்தன. "எங்க கிரவுண்டுல சார். அங்க அடிச்சா திரும்பி வரும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

எனக்கு வந்ததே கோபம். "எங்க கூடம் நேராதான் சார் கீது. ஒரே ஒரு நாயித்துக்கெயம வந்து பாருங்க. அப்பறம் சொல்லுங்க யாருக்கு ஆடத் தெர்லன்னு!"

வேனில் வால்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. சாவியோ ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது மெதுவாகச் சொன்னான்.

"பயக்கதோஷம்க்கா. காலு தானா அடிச்சிடுச்சி. வரும்னு ஓடிட்டேன்."

அவன் மேல் எனக்குத் துளிக்கூடக் கோபம் இல்லை. நான்தானே அவனை அங்கே இழுத்துப் போனேன். சொந்த கிரவுண்டில் ஆடியிருந்தால் நாலு கோல் போட்டுக் கோப்பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடியிருப்பான். அதையும் கெடுத்தேன், வேலையையும் கெடுத்தேன். அன்றைக்கு முழுக்க என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளாத குறை.

ஆனால் டெலிபோன் இருக்கிறவரை நான் விடுகிறவள் இல்லை. மறுபடி ஒன்பது நாள். பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கலீலுல்லா சார் ஸ்கூட்டரில் குடோன் கிரவுண்டுக்கு வந்தே விட்டார். என் தொல்லை தாங்காமல் வந்தாரோ, சுவரைப் பார்க்கத்தான் வந்தாரோ, தெரியாது. கேப்டன்கள் சுற்றி வந்து சுவரைத் தட்டுவதைப் பார்த்தார். ஆட்டத்தில் சாவியோ 'வி'யில் தட்டி ஒன்று, 'தீ'யில் தட்டி இரண்டு, மொத்தம் மூன்று கோல் போட்டான். மூன்றாவதற்கு அவர் சின்னப்பிள்ளை போல எம்பி எம்பிக் கை தட்டினார். சுவர்மேல் இருந்த எனக்கு அப்போதே ஆர்டர் கையில் வந்துவிட்டது போல இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவர் சுவர் அருகில் வந்து அதில் உள்ளங்கையை வைத்தார். நான் இறங்கிப் போனேன்.

"பிரமாதம்மா. இப்படி ஒரு ஆட்டம் நான் பார்த்ததில்லை. அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஆனா, நாங்க ஆடுற எந்த கிரவுண்டுலயும் சுவர் இல்லையேம்மா."

நான் தூரத்தில் ஷூ கழற்றிக்கொண்டிருந்த சாவியோவைத் திரும்பிப் பார்த்தேன்.

"மார்ச்சுல இன்னொரு செலக்‌ஷன் இருக்கு. வயசு இருக்கா?"

"மே வரைக்கும் இருக்கு சார்" என்றேன்.

சுவரில்லாத இடத்தில் பழகலாம் என்றால், எங்கள் பக்கத்தில் சுவரில்லாத இடம் எது? ஒரு பக்கம் ஹார்பர் சுவர், ஒரு பக்கம் ரயில்வே சுவர், கம்பெனிச் சுவர், கடற்கரையில் கருங்கல். கடைசியில் ஒரு பை சுண்ணாம்பு வாங்கினேன். காலை ஆறு மணிக்குக் கிரவுண்டுக்குப் போய், சுவருக்கு ஒரு கஜம் உள்ளே, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கோடு போட்டேன்.

வால்டர் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். "சொவத்துக்கே கோடு போட்டுட்டியா? உங்கப்பன் கீறானே, கல்லறையிலருந்து எய்ந்து வருவான் பாரு."

"வர்ட்டும். வந்தா அவரும் வெரலைப் பாக்கட்டும்" என்றேன். மறுநாளிலிருந்து எதிரே நின்று மறித்து ஆடுவதற்கு வால்டரே வந்தார்.

நான் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வேன். பந்து கோட்டைத் தாண்டியதும் "அவுட்!" என்பேன். அதுதான் என் வேலை. முதல் வாரம் ஒரு காலைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சுவருக்கு அடித்தான். ஒவ்வொரு தடவையும் பந்து அழகாகத் திரும்பி அவன் காலுக்கே வரும். வந்தாலும் அவுட்தான். பந்தை எடுத்து வால்டரிடம் கொடுக்க வேண்டும். பூமாரி கூடையோடு அந்த வழியாகப் போகும்போது நின்று பார்ப்பாள். "இன்னா டோரதி, ரயில்வே கேட்டு கணக்கா நின்னுக்கினு கீற? அந்தப் புள்ளய வுடேன், அயகா ஆடிக்கினு இருந்தான்" என்பாள்.

ஒரு நாள் சாவியோவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பந்தை என் தலைக்கு அரை அடி தள்ளிச் சுவரில் ஓங்கி அடித்தான். காது அடைத்துப்போனது.

"அவுட்" என்றேன்.

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். "எனக்கு இது வராதுக்கா. நா ஹார்பருக்கே போய்க்கிறேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் இடது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "நான் ஆபீஸ்ல எப்டிப் பேசறேன், இங்க எப்டிப் பேசறேன்? ரெண்டும் வரலியா எனக்கு? அது மாறிதான்டா" என்றேன். அதை நானே நம்பிச் சொன்னேன். அவன் எழுந்து பந்தை எடுத்துப் போய் வால்டரிடம் கொடுத்தான்.

ஜனவரியில் ஐந்தாறு தடவை, பிறகு இரண்டு தடவை. பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் பந்து தானாகக் கோட்டைத் தாண்டிச் சுவரில் பட்டு அவன் காலுக்குத் திரும்பி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "அவுட்டுக்கா" என்று குனிந்து எடுத்தான். அன்றைக்குச் சந்தோஷத்தில் விலை கேட்காமல் வஞ்சிரம் வாங்கினேன். பூமாரி மயங்கி விழாத குறை.

மார்ச்சில் செலக்‌ஷன் அதே ஸ்டேடியத்தில் நடந்தது. சாவியோ கோட்டை ஒட்டியே ஆடினான், ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. ஜூனில் ஆர்டர் வந்தது. காலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் நாற்காலி, மதியம் டீமோடு பயிற்சி. முதல் மாதம் அவன் கைகளைப் பார்த்தேன். கம்பி கீறின தழும்புகள் ஆறத் தொடங்கியிருந்தன. வாழ்க்கையில் நான் கேட்டது நடந்தது அது ஒன்றுதான்.

ஆபீஸ் டீமில் ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம் இருந்ததால் நாலைந்து மாதம் அவன் குடோன் கிரவுண்டு பக்கம் வரவில்லை. நான் போட்ட கோடு முதல் மழையிலேயே போய்விட்டது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அவனுக்கு லீவு. அன்றைக்கு எங்களுக்கும் டோல்கேட் டீமுக்கும் ஆட்டம். வால்டர் அவனையே கேப்டனாகப் போட்டார். சுவர்மேல் இடமில்லை, அவ்வளவு கூட்டம். என் இடத்தைப் பூமாரி பிடித்து வைத்திருந்தாள்.

சாவியோ டோல்கேட் கேப்டனோடு கிரவுண்டைச் சுற்றி வந்தான். எங்கள் காலுக்குக் கீழே நின்று சுவரில் உள்ளங்கையை வைத்தான். "சொவரு உள்ள. ஒத்துக்கினியா?"

"ஒத்துக்கினேன்" என்று அவன் தட்டினான்.

சாவியோ நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனான்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நடுவிலிருந்து ஒரு பந்து நீளமாகச் சுவர்ப் பக்கம் வந்தது. சாவியோ அதை விரட்டி வந்தான். அவனுக்கு முன்னால் பந்து சரியாகத் 'தீ'யில் பட்டது. சுவர்மேல் இருந்த நாங்கள் எல்லோரும் கை தட்டத் தயாரானோம். அடுத்து என்ன நடக்கும் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும். பந்து திரும்பி அவன் காலடிக்கு வந்தது.

சாவியோ நின்றுவிட்டான். கையைத் தூக்கினான், அவுட் என்று.

பந்து அவன் காலை உரசிக்கொண்டு போனது. டோல்கேட் பையன் ஒரு நொடி திகைத்தான். பிறகு எடுத்துக்கொண்டு ஓடினான். சாவியோ அப்போதும் கையைத் தூக்கியபடி நின்றான்.

"டேய், ஆட்றா! சொவர்றா! உள்ளடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எத்தனை காலை அதே சுவரில் சாய்ந்துகொண்டு அவுட் அவுட் என்று கத்தினவள் நான்தான்.

அந்தக் கோடியில் கோல் விழுந்தது. கிரவுண்டு முழுக்கச் சிரித்தார்கள், எங்கள் ஆட்கள்கூட. சாவியோவும் சிரித்தான். சுவரடிக்கு வந்து என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"பயக்கதோஷம்க்கா" என்றான்.

நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. பூமாரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டைகள்மேல் கால் வைத்துக் குடோன் பக்கம் இறங்கி, ஆட்டம் முடியும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். வால்டர் இருட்டுவதற்குள் வந்து சட்டையைக் கழற்றினார். ஜெயித்தோமா தோற்றோமா என்று நான் கேட்பேன் என்று கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். நான் கேட்கவில்லை.